சைக்கிள் கேள்வி பதில்: 115 கிலோ எடைக்கு எந்த ரோடு பைக் தாங்கும்?

கேள்வி: என் எடை 115 கிலோ, உயரம் 5 அடி 11 அங்குலம். பெங்களூரு அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டில் இருக்கும் ஆபீசுக்கு வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் போக விரும்புகிறேன். லேப்டாப் பையும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தி மலைப் பக்கம் போகும் எண்ணமும் உண்டு. அலுமினிய ஃப்ரேம் வாங்குவதா, ஸ்டீலா? ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், அல்சூர்

பதில்: ஃப்ரேம் எந்த உலோகம் என்ற கேள்வியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எடை அதிகமுள்ளவர்களின் வண்டியில் முதலில் போவது பின் சக்கரம்தான். மொத்த எடையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய அறுபது சதவீதம், அதன் மேல் இறங்குகிறது. 32 மி.மீ. டயர் போட்ட சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 465 தடவை சுற்றும். போக வர முப்பது கிலோமீட்டர் என்றால் ஒவ்வொரு ஸ்போக்கும் ஒரே நாளில் பதினாலாயிரம் தடவை தளர்ந்து இறுகுகிறது. ஸ்போக் ஒரு குழியில் விழுந்து உடைவது அபூர்வம். இப்படித் தளர்ந்து இறுகியே களைத்து உடைகிறது.

அதனால் கடைக்குள் போனதும் பின் சக்கரத்தின் ஸ்போக்கை எண்ணுங்கள். 32 இருக்க வேண்டும், 36 கிடைத்தால் இன்னும் நல்லது. 20, 24 என்று குறைவான ஸ்போக்குடன் வரும் அழகான சக்கரங்கள் உங்களுக்கு வேண்டாம். வண்டி மற்ற எல்லா விதத்திலும் பிடித்திருந்தால், பின் சக்கரத்தை மட்டும் மாற்றித் தரக் கேளுங்கள். ரிம் டபுள் வால், அதாவது இரட்டைச் சுவர் உள்ளதாக இருக்க வேண்டும். ஸ்போக் நடுவில் மெலிந்த டபுள் பட்டட் வகை நல்லது. மெலிந்தது எப்படி அதிகம் உழைக்கும் என்று தோன்றலாம். நடுப்பகுதி மெலிந்திருப்பதால் அதிர்வு வரும்போது அந்த இடம் சற்று நீண்டு கொடுக்கிறது, ஹப்புக்குள் (சக்கரத்தின் நடு உருளைக்குள்) நுழையும் இடத்தில் உள்ள, உடையக்கூடிய வளைவின் மேல் சுமை குறைகிறது. ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும்.

அடுத்தது பல் சக்கரங்கள் ஹப்பில் உட்கார்ந்திருக்கும் முறை. விலை குறைந்த கியர் வண்டிகளில், பற்களும் சுழலும் பொறியும் ஒரே துண்டாக ஹப்பில் திருகப்பட்ட ஃப்ரீவீல் இருக்கும். அதில் வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சிலின் (அச்சின்) ஒரு நீளம் தாங்குவாரின்றி நிற்கிறது. எடை கூடும்போது வளைவதும் முறிவதும் அங்கேதான். பற்கள் மட்டும் தனியாக ஹப்பில் செருகப்படும் கேசட் வகையில் பேரிங் வெளி ஓரத்துக்கு வந்துவிடுகிறது, ஆக்சில் பிழைக்கிறது. எது எது என்று கண்டுபிடிக்க, பல் சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். நடுவே கருவி நுழையும் காடிகள் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி, காடிகள் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் 115 கிலோவுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 12 மி.மீ. த்ரூ ஆக்சில் (ஹப்பை ஊடுருவி ஃப்ரேமில் திருகப்படும் தடித்த அச்சு) உள்ள வண்டி கிடைத்தால் ஆக்சில் பற்றிய கவலை முடிந்தது.

டயருக்கு இடம் எவ்வளவு என்று கேளுங்கள். குறைந்தது 32 மி.மீ., முடிந்தால் 35 நுழைய வேண்டும். ரேஸ் வண்டிகளை விட்டுவிட்டு நீண்ட தூரத்துக்கான என்ட்யூரன்ஸ் அல்லது மண் சாலைக்கான கிராவல் வகையில் தேடினால் இது தானாகவே கிடைக்கும். இன்னொன்று, ஹுக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) என்றால் வாங்காதீர்கள். அதில் காற்றழுத்தம் 5 பாருக்கு, அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 32 டயரில் உங்கள் எடைக்குப் பின் சக்கரத்தில் அதற்கு மேல் தேவைப்படும்.

கியர் விஷயம் சுருக்கமாக: முன்னால் 50/34 பற்கள், பின்னால் 11 முதல் 34 பற்கள். மிகச் சிறிய கியரில் (முன்னால் 34, பின்னால் 34) பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. நந்தி ஏற்றத்தில் முழங்கால் தப்பிக்க இது வேண்டும்.

எடை வரம்பு கையேட்டில் இருக்கும். அதைப் படிக்கும்போது கவனம். சில நிறுவனங்கள் ஓட்டுபவரின் எடையை மட்டும் சொல்கின்றன, சில நிறுவனங்கள் வண்டி, பை, தண்ணீர் எல்லாம் சேர்ந்த மொத்தத்தைச் சொல்கின்றன. உங்கள் 115 உடன் வண்டி 11, பையும் தண்ணீரும் 5 என்று வைத்தால் 131. மொத்த வரம்பு 125 என்று அச்சிட்ட வண்டியில் நீங்கள் ஏற்கெனவே எல்லை தாண்டியாகிவிட்டது, வாரன்டியும் கை கொடுக்காது.

இப்போது உலோகத்துக்கு வருவோம். வரம்புக்குள் இருந்தால் அலுமினியமும் தாங்கும், குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீலும் தாங்கும். ஸ்டீலில் கேரியர் மாட்டும் துளைகள் பெரும்பாலும் இருக்கும், லேப்டாப்பை முதுகில் சுமக்காமல் தப்பிக்கலாம். ஆனால் அந்த எடையும் பின் சக்கரத்துக்குத்தான் போகும் என்பதை மறக்க வேண்டாம். சீட் போஸ்ட் அலுமினியமாக, சீட்டின் அடிக்கம்பி குரோமோலியாக இருக்கட்டும், இரண்டிலும் கார்பன் வேண்டாம். போஸ்ட் குறைந்தது 10 செ.மீ. ஃப்ரேமுக்குள் இறங்கி இருக்க வேண்டும். ஃப்ரேம் சிறியதாகிப் போஸ்டை உயர்த்திக்கொண்டே போனால் சீட் டியூபின் வாய் விரிசல் விடும்.

வாங்கிய பிறகு ஒரு வேலை பாக்கி. முதல் 150–200 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரத்தைத் திரும்பக் கொண்டுபோய் ஸ்போக் இறுக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இலவச சர்வீஸ் என்று சொல்லி எண்ணெய் விட்டு அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வண்டி வாங்கி எட்டு மாதம். பின் சக்கரத்தில் நான்கு ஸ்போக் உடைந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மாற்றிக் கோட்டம் எடுத்துக் கொடுக்கிறார்கள், அடுத்த மாதம் வேறொன்று உடைகிறது. என் எடை 104 கிலோ. எடை குறைந்தால்தான் சரியாகுமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: எடை குறையும் வரை காத்திருக்க வேண்டாம். சக்கரம் சரியாகக் கட்டப்படவில்லை என்பதுதான் விஷயம். உடைந்த நான்கும் இடதுபக்கம், ஹப்புக்குள் நுழையும் வளைவில் உடைந்தனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வலதுபக்கம் கேசட் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பக்கத்து ஸ்போக்குகள் நிமிர்ந்து, இறுக்கமாக நிற்கின்றன. இடதுபக்கம் அதில் பாதியளவு இறுக்கம்தான் வரும். வலதுபக்கமே தளர்வாகக் கட்டப்பட்டிருந்தால், இடதுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தொய்ந்துபோகும். தொய்ந்து இறுகும் ஸ்போக்தான் வளைவில் முறிகிறது. ஆகவே தளர்ந்த ஸ்போக்தான் உடைகிறது, இறுகியது அல்ல.

ஒன்று உடைந்து மாற்றினால் பரவாயில்லை. மூன்றாவது உடைந்தால் மீதி எல்லாமே அதே வயது, அதே களைப்பு என்று பொருள். ரிம் நேராக இருந்தால் அதையும் ஹப்பையும் வைத்துக்கொண்டு எல்லா ஸ்போக்குகளையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வலதுபக்க இறுக்கம் ரிம் தயாரிப்பாளர் சொல்லும் வரம்புக்குள் 110–120 கிலோ விசை அளவில் இருக்க வேண்டும். இதை டென்ஷன் மீட்டர் வைத்து அளக்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். கைவிரலால் தட்டிப் பார்த்தும் ஓரளவு தெரியும்: ஒரே பக்கத்து ஸ்போக்குகள் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். கட்டி முடித்ததும் இணையாக ஓடும் ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிழிந்து, வளைவுகளை ஹப்பில் படிய வைத்து, மறுபடி கோட்டம் எடுக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிடும் கடைகளின் சக்கரம்தான் முதல் நாள் ஓட்டத்திலேயே டிங் டிங் என்று சத்தம் போட்டுக் கோணலாகிறது.

வீட்டில் ஸ்போக் வாங்கி வைப்பதானால் இரண்டு நீளமும் வேண்டும். வலதுபக்க ஸ்போக் இடதைவிட ஓரிரு மி.மீ. குட்டை.

கேள்வி: 98 கிலோ எடை. 28 டயர். வேகத்தடையில் ஏறி இறங்கினாலே பின் டயர் பஞ்சர். டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருக்கிறது.
– வாசகி, இந்திராநகர்

பதில்: ஆணியோ கண்ணாடியோ காரணமல்ல. காற்று குறைந்த டயர் தடையில் மோதும்போது, டியூப் ரிம்மின் இரண்டு விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு கீறல் விழுகிறது. உங்கள் எடைக்கு 28 டயரில் பின்னால் 90 பி.எஸ்.ஐ. வரை தேவைப்படும். அவ்வளவு அடித்தால் ஹெப்பால் சாலையின் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் கேட்கும். 32 டயர் மாற்றினால் பின்னால் 70, முன்னால் 60இல் தொடங்கலாம். 115 கிலோ என்றால் 32இல் பின்னால் 80, முன்னால் 70. டயரின் பக்கவாட்டிலும் ரிம்மிலும் அச்சிட்ட உச்ச அளவில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மாற்றும் முன் ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் டயருக்கு இருபக்கமும் 4 மி.மீ. ஆவது இடைவெளி மிஞ்சுமா என்று அளந்து பாருங்கள்.

மீட்டர் உள்ள தரைப் பம்ப் ஒன்று வீட்டில் கட்டாயம் வேண்டும். டியூபில் காற்று தானாகவே கசியும், வாரம் ஒரு முறை அடிக்க வேண்டும். விரலால் அமுக்கிப் பார்ப்பது இந்த அழுத்தங்களில் எதையும் சொல்லாது.

கேள்வி: நந்தி மலையிலிருந்து இறங்கும்போது டிஸ்க் பிரேக்கில் கருகிய வாடை வருகிறது. பாதி வழியில் பிடிமானமும் குறைகிறது. எடை 110.
– வாசகர், எலஹங்கா

பதில்: நந்தி கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கும் உயரத்தையும் உங்கள் எடையையும் பொறுத்த ஆற்றலில், காற்றுத் தடை எடுத்துக்கொண்டது போக மீதியில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறி டிஸ்க்குக்குள் போகிறது. வழி நெடுக லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் ஆறவே நேரமில்லை. நேர்வழியில் வேகம் கூடட்டும், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் பலமாகப் பிடித்து வேகத்தை இறக்கி, முழுவதும் விட்டுவிடுங்கள். முன்னால் இருப்பது 140 மி.மீ. டிஸ்க் என்றால், ஃபோர்க் அனுமதிக்கும்பட்சத்தில் 160க்கு மாற்றுங்கள். மெட்டல் பேட் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் டிஸ்க்கில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருந்தால் போடக் கூடாது, டிஸ்க் தேய்ந்துவிடும். கேபிள் வகை டிஸ்க் பிரேக் பலவற்றில் ஒரு பேட் மட்டும்தான் நகரும். அசையாத மறு பேட் தேயத் தேய அதை உள்ளே திருகிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் லீவர் ஹேண்டில் வரை வந்தும் வண்டி நிற்பதில்லை. வாடை வந்த பேடுகளைக் கழற்றிப் பாருங்கள், முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் புதியது போட்டுவிடுங்கள்.