அமெரிக்காவுல இத்தாலிக்காரங்க குடும்பக் கல்லறைய ஏன் வீடு மாதிரி இவ்ளோ ஆடம்பரமா கட்டி வெச்சிருக்காங்க? எல்லாம் மாஃபியா பணமா? இப்பவும் கட்டுறாங்களா?

மாஃபியா பணம் இல்லைங்க. அத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா சிகாகோ வர்ற நம்மாளுங்க நிறையப் பேரு ஹில்சைடுல இருக்குற மவுண்ட் கார்மல் கல்லறைத் தோட்டத்துக்குப் போறதே கேங்ஸ்டர் அல் கபோன் கல்லறையப் பாக்கத்தான், போனமா போட்டோ எடுத்தமான்னு முடிச்சுட்டு, வண்டியத் திருப்பும்போது ரெண்டு பக்கமும் வரிசையா நிக்கிற கல்லு மண்டபங்களப் பாத்து இதெல்லாம் கேங்ஸ்டர் காசுன்னு பேசிக்கிறாங்க, அத கேக்கும்போது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். கபோனுக்கு அங்க மண்டபமே கிடையாது. 1947ல செத்தப்ப வேற ஒரு கல்லறைத் தோட்டத்துல புதைச்சு 1950ல இங்க மாத்தினாங்க. குடும்பப் பேரு போட்ட ஒரு கல்லு, தரையோட தரையா பதிச்ச சின்னக் கல்லுல அவன் பேரு, 'என் இயேசுவே இரங்கும்'னு ஒரு வரி, அவ்வளவுதான்.

மண்டபங்கள் பெரும்பாலும் பேக்கரி வெச்சிருந்தவங்க, மளிகைக்கடைக்காரங்க, பழ வியாபாரம் பண்ணினவங்க, கட்டட கான்ட்ராக்ட் எடுத்தவங்க, இப்படிப்பட்ட குடும்பங்களோடது. 1901ல திறந்த தோட்டம் அது, மாசோலியம்னு சொல்ற இந்தக் குடும்பக் கல்லறை மண்டபம் மட்டுமே 400க்கும் மேல இருக்கு. கிரானைட்ல ஒரு சின்ன அறை, வெண்கலக் கதவு, கதவுக்கு மேல குடும்பப் பேரு, உள்ள ரெண்டு பக்கச் சுவத்துலயும் ஒண்ணு மேல ஒண்ணா பெட்டிய தள்ளி வெக்கிற அறைகள், பின்சுவத்துல கலர் கண்ணாடி ஜன்னல்ல மாதாவோ புனித அந்தோனியாரோ, அதுக்குக் கீழ சின்னப் பலிபீடம். சாயங்காலம் கதவுக் கம்பி வழியா எட்டிப் பாத்தா அந்த ஜன்னல் வெளிச்சம் நீலமும் சிவப்புமா மார்பிள் மேல விழுந்து கிடக்கும்.

எனக்கு இதெல்லாம் தெரிஞ்சது சிகாகோ பக்கத்துல மெல்ரோஸ் பார்க்குங்குற ஊர்ல நான் குடியிருந்த வீட்டோட ஓனர் பாட்டி மூலமாத்தான். அவங்க கீழ, நான் மாடில. அவங்க அப்பா தெற்கு இத்தாலில பசிலிகாட்டா மாநிலத்துல லாவ்ரென்சானாங்குற மலைக் கிராமத்துல இருந்து வந்தவரு, அந்த ஊர்க்காரங்க நிறையப் பேரு மெல்ரோஸ் பார்க்லதான் குடியேறினாங்க, 1894ல இருந்து அவங்க ஊரு மாதாவுக்கு ஜூலைல இங்கயும் திருவிழா எடுக்குறாங்க. பாட்டிக்கு கார் ஓட்டுறது கஷ்டமானதுக்கு அப்புறம் நான்தான் மவுண்ட் கார்மலுக்குக் கூட்டிட்டுப் போவேன். ஒரு பக்கெட்டு, பழைய துணி, ஒரு டூத் பிரஷ். டூத் பிரஷ் எதுக்குன்னு பாத்தா, கதவுக்கு மேல வெட்டியிருக்குற எழுத்துக்குள்ள பாசி பிடிக்கும்ல, அத ஒவ்வொரு எழுத்தா சுரண்டி எடுக்க. ஸ்டூல்ல ஏற வேண்டாம்னு சொல்லி நான் ஏறி தேய்ப்பேன், அவங்க கீழ நின்னு அந்த எழுத்து சரியா வரல இந்த எழுத்து சரியா வரலன்னு சொல்லிட்டே இருப்பாங்க. ஒரு நாள் சொன்னாங்க, "எங்கப்பாவுக்கு ஊர்ல ஒரு அடி நிலம் கிடையாதுப்பா, எல்லாம் பண்ணையாருக்கு. அவரோட பாட்டிய எங்க புதைச்சாங்கன்னு அவருக்கே தெரியாது. இங்க வந்து முப்பது வருஷம் சிமெண்ட் கலந்தாரு. இந்தப் பேர வெட்டும்போது அவரே கல்லு வெட்டுறவன் பக்கத்துல நின்னு பாத்தாரு."

என்னப் பொறுத்தவரைக்கும் உங்க கேள்விக்குப் பதிலே இதுதான். ஊர்ல நிலமும் இல்லாம, செத்தா ஒரு அடையாளமும் இல்லாம போன ஜனங்க, யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாத ஒரு இடத்த தங்களுக்குன்னு கட்டிக்கிட்டாங்க.

அடையாளம் இல்லாமன்னா எவ்ளோன்னு தெரியணும்னா நேபிள்ஸ்ல 366 குழி கல்லறைன்னு ஒண்ணு இருக்கு, அத பத்தி தெரிஞ்சுக்கணும். 1762ல ஃபெர்தினாந்தோ ஃபூகாங்குற கட்டடக் கலைஞர் கட்டினது. ஏழைங்களுக்கானது. வருஷத்துல நாளைக்கு ஒரு குழி, லீப் வருஷத்துக்கும் சேத்து 366. அன்னைக்கு ஊர்ல செத்த ஏழைங்க எல்லாரையும் அன்னைக்கு உள்ள குழியத் திறந்து போட்டுட்டு ராத்திரி கல்லப் போட்டு மூடிடுவாங்க, அந்தக் குழிய மறுபடி திறக்குறது அடுத்த வருஷம் அதே தேதிக்கு. பெட்டி கிடையாது, பேரு கிடையாது, குழி நம்பர் மட்டும். 1890 வரைக்கும் இது நடந்துச்சு. அமெரிக்காவுக்கு இத்தாலிக்காரங்க கூட்டம் கூட்டமா கிளம்பினது 1880கள்ல, 1920கள் வரைக்கும் சுமார் 40 லட்சம் பேரு, பெரும்பாலும் தெற்குல இருந்து, நேபிள்ஸ் துறைமுகத்துல இருந்தே கப்பல் ஏறினவங்க ஏராளம். அந்தக் குழிங்க இன்னும் திறந்து மூடிட்டு இருந்த காலத்துலயே அந்த ஊர விட்டுக் கிளம்பினவங்களும் அதுல உண்டு.

குழி தனியா கிடைச்சாலும் இத்தாலில அது நிரந்தரம் இல்ல. இன்னைக்கும் சட்டம் என்னன்னா, பொது மண்ணுல புதைச்சா பொதுவா 10 வருஷம், அப்புறம் தோண்டி எலும்ப எடுத்து சின்னப் பெட்டில போட்டு சுவத்துல இருக்குற எலும்பு மாடத்துல வெச்சுடுவாங்க, யாரும் வந்து கேக்கலன்னா பொது எலும்புக் கிடங்குக்குப் போயிடும். சுவர் அறையோ குடும்ப மண்டபமோ வாங்கினாலும் குத்தகை மாதிரிதான், 1970கள்ல வந்த விதிப்படி அதிகபட்சம் 99 வருஷம். அமெரிக்காவுல கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துல ஒரு இடத்துக்குப் பணம் கட்டினா அது உங்களுக்கு எப்பவும். இது அவங்களுக்கு எப்பேர்ப்பட்ட விஷயமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொன்னும் உண்டு. இங்க வந்த புதுசுல சர்ச்சுலயே அவங்களுக்கு மரியாதை இல்ல. நியூயார்க்ல ஈஸ்ட் ஹார்லெம் 115வது தெருவுல இருக்குற கார்மல் மாதா சர்ச் இத்தாலிக்காரங்க கையால கட்டினது, ஆனா 1919 வரைக்கும் அவங்களுக்குப் பூசை கீழ இருக்குற தளத்துலதான், மேல் தளம் ஐரிஷ்காரங்களுக்கும் ஜெர்மன்காரங்களுக்கும். அதனால அவங்களோட கௌரவம் எல்லாம் ஊர்ச் சங்கத்துலதான் இருந்துச்சு. ஒரே ஊர்ல இருந்து வந்தவங்க சேர்ந்து மாசாமாசம் சந்தா கட்டுவாங்க, உடம்பு சரியில்லன்னா கொஞ்சம் பணம், செத்தா பேண்டு வாத்தியத்தோட ஊர்வலம், உறுப்பினர் எல்லாரும் பேட்ஜ் குத்திட்டு வந்தாகணும், வராதவங்களுக்கு அபராதம் போட்ட சங்கமும் உண்டு. தனியா மண்டபம் கட்ட வசதி இல்லாதவங்களுக்குச் சங்கமே மண்டபம் கட்டிக் குடுக்கும். நியூ ஆர்லியன்ஸ்ல செயின்ட் லூயிஸ் முதலாம் கல்லறைத் தோட்டத்துல 1857ல கட்டின இத்தாலியச் சங்கத்தோட மார்பிள் கல்லறை இன்னும் நிக்கிது, வட்டமா, சிலைங்களோட. அந்த ஊர்ல கொஞ்சம் தோண்டினாலே தண்ணி வந்துடும், பிரெஞ்சு ஸ்பானிஷ் பழக்கமும் சேந்துக்கிச்சு, அதனால பெரும்பாலும் தரைக்கு மேலதான் கட்டுவாங்க. ஒரு பெட்டி வெச்சா ஒரு வருஷம் ஒரு நாள் கழிச்சுத்தான் திறக்கணும்னு ஒரு வழக்கம், அதுக்குள்ள சூட்டுல எலும்பு மட்டும் மிஞ்சியிருக்கும், அத உள்ள தள்ளிட்டு அடுத்தவங்களுக்கு இடம் குடுப்பாங்க.

சரி, கட்டுறதுன்னு ஆச்சு, ஏன் இவ்ளோ சிலை, இவ்ளோ வேலைப்பாடுன்னா, அது ஊர்ல பாத்த கண்ணு. ஜெனோவால ஸ்டாலியெனோ கல்லறைத் தோட்டம் 1851ல திறந்தாங்க, பணக்கார வியாபாரிங்க போட்டி போட்டு சிலை வெச்ச இடம். அங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச சிலை கதெரீனா கம்போதோனிக்கோங்குற அம்மாவோடது. திருவிழாத் திருவிழாவா போய் ஹேசல்நட் மாலையும் வட்ட ரொட்டியும் வித்து சேத்த காசுல, உயிரோட இருக்கும்போதே பேரெடுத்த சிற்பி லொரென்சோ ஒரெங்கோகிட்ட சொல்லி 1881ல தன் சிலைய செதுக்க வெச்சாங்க. கையில அதே மாலை, அதே ரொட்டி. உடுத்தியிருக்குற துணில இருக்குற பின்னல் வேலை வரைக்கும் கல்லுல வந்திருக்கும். பணக்காரங்க வரிசைல ஒரு தெரு வியாபாரி தன் சரக்கோட நிக்கிறாங்க, அடுத்த வருஷமே இறந்தும் போனாங்க. மெல்ரோஸ் பார்க் பாட்டியோட அப்பா கல்லு வெட்டுறவன் பக்கத்துல நின்னாரே, அதே மனசுதான் இது.

வெர்மான்ட் மாநிலத்துல பேரிங்குற சின்ன ஊர்ல இது வேற மாதிரி. அங்க கிரானைட் குவாரி, மார்பிளுக்குப் பேர்போன இத்தாலிய ஊரு கராராவுல இருந்தும் வட இத்தாலில இருந்தும் கல்தச்சர்கள் வந்து குடியேறினாங்க, ஊருக்கெல்லாம் கல்லறைக் கல்லு செஞ்சு குடுத்தவங்க தங்களுக்கும் தாங்களே செஞ்சுக்கிட்டாங்க, ஹோப் கல்லறைத் தோட்டத்துல பாக்குறது அவ்வளவும் அந்த ஊரு சாம்பல் கல்லு. எலியா கோர்தின்னு ஒரு சிற்பி, 1903ல சோஷலிஸ்டுங்களுக்கும் அரசாங்கமே வேண்டாம்ங்குற அனார்க்கிஸ்டுங்களுக்கும் நடந்த தகராறுல சுடப்பட்டு செத்தவரு, அவரோட குடும்பத்துக்காரங்களே அவரோட ஆளுயரச் சிலைய ஒரே கல்லுல செதுக்கியிருக்காங்க, கோட்டு மடிப்பு, பட்டன், காலடில அவரோட உளி கருவிங்க. இன்னொருத்தரு லூயி புரூசா. காத்து அடிக்கிற மெஷின் உளி வந்ததுக்கு அப்புறம் கல்லுத் தூசி நுரையீரலுக்குள்ள போய் சிலிக்கோசிஸ்ல ஆளுங்க கொத்துக் கொத்தா செத்தாங்க, இவரும் 1937ல அதுலதான் போனாரு. அவரு கல்லறைல இருக்குற சிலை அவரே மூச்சு அடங்கி மனைவி கையில சாயுற மாதிரி. எந்தக் கல்லு கொன்னுச்சோ அதே கல்லுல. இதப் பாத்துட்டு ஆடம்பரம்னு ஒருத்தர் சொல்ல முடியுமா?

அப்புறம் அந்த ஓவல் போட்டோக்கள். பீங்கான் மேல படத்த பதிச்சு சூளைல சுட்டு எடுக்குறது, வெயில் மழைல நூறு வருஷம் ஆனாலும் அழியாது, 1854லயே பிரான்ஸ்ல பேட்டன்ட் வாங்கின டெக்னிக். மவுண்ட் கார்மல்ல நடந்தா ஒவ்வொரு கல்லுல இருந்தும் ஒரு முகம் பாக்கும், மீசை முறுக்கின தாத்தா, காதுல வளையம் போட்ட பாட்டி, முதல் உலகப் போர் யூனிஃபார்ம்ல ஒரு பையன். அதுல 'இத்தாலிய மணமகள்'னு சொல்ற கல்லறை ரொம்பப் பிரபலம், 1921ல பிரசவத்துல இறந்த 29 வயசுப் பொண்ணு, கல்யாண உடுப்புலயே புதைச்சாங்க. அம்மா கனவுல வந்து வந்து தோண்டச் சொன்னான்னு அந்தத் தாய் 6 வருஷம் போராடி திறக்க வெச்சாங்க, உடம்பு கெடாம இருந்துச்சுன்னு சொல்லி அப்ப எடுத்த போட்டோவையே கல்லுல பதிச்சிருக்காங்க, மேல மணக்கோலத்துல சிலை. இணையத்துல இத பேய்க்கதையா போட்டு வியூஸ் வாங்குறாங்க, தயவுசெஞ்சு அத பரப்பாதீங்க, அது பொண்ணப் பறிகொடுத்த ஒரு அம்மாவோட கதை. ரூஸ்வெல்ட் ரோட்டுக்கு அந்தப் பக்கம் குயின் ஆஃப் ஹெவன் கல்லறைத் தோட்டத்துலயும் போய்ப் பாருங்க, 1958 டிசம்பர் 1ல சிகாகோல 'அவர் லேடி ஆஃப் த ஏஞ்சல்ஸ்'ங்குற கத்தோலிக்க ஸ்கூல்ல தீப்பிடிச்சு 92 பிள்ளைங்களும் 3 கன்னியாஸ்திரிகளும் செத்தாங்க, நிறைய இத்தாலியக் குடும்பங்க இருந்த சர்ச் வட்டாரம் அது, அந்தப் பிள்ளைங்கள்ல பல பேரு அங்க ஒரே இடத்துல இருக்காங்க.

சடங்குல நமக்குப் பழக்கமானது நிறைய இருக்கு. சாவு வீட்ல அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொண்டு போகணும். தெற்கு இத்தாலில யாராவது இறந்தா கறுப்பு பார்டர் போட்ட போஸ்டர் தெருச் சுவத்துல ஒட்டுவாங்க, பேரு, வயசு, அடக்கம் எத்தன மணிக்கு, வருந்தும் குடும்பத்தார்னு, நம்ம கண்ணீர் அஞ்சலி போஸ்டரேதான். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் நம்ம ஊரு கத்தோலிக்கர்களுக்கும் இருக்கு, கழுவி, பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்துறதுன்னு எல்லாம் அதேதான். சிசிலில அன்னைக்கு செத்துப்போன தாத்தா பாட்டி ராத்திரி வந்து பிள்ளைங்களுக்குப் பொம்மையும் பாதாம் மாவுல செஞ்ச பழ மிட்டாயும் வெச்சுட்டுப் போவாங்கன்னு ஒரு நம்பிக்கை, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இதுதான். ஒண்ணே ஒண்ணு எச்சரிக்கை, இத்தாலிக்காரங்க வீட்டுக்கு விருந்துக்குப் போனா சாமந்திப் பூ வாங்கிட்டுப் போயிடாதீங்க, அவங்களுக்கு அது கல்லறைக்கு மட்டும்தான்.

இப்பவும் கட்டுறாங்களான்னா, கட்டுறாங்க, ஆனா ரொம்பக் குறைஞ்சுபோச்சு. செலவு ஒரு பக்கம், பிள்ளைங்க எல்லாம் ஃப்ளோரிடா அரிசோனான்னு போயிட்டது இன்னொரு பக்கம், அதனால நிறைய பேரு பெரிய பொது மாசோலியத்துல ஒரு சுவர் அறை வாங்கிடுறாங்க, குயின் ஆஃப் ஹெவன்ல அப்படி ஒண்ணு மாடி மாடியா இருக்கு. 1963ல இருந்து கத்தோலிக்க சர்ச் தகனத்தையும் அனுமதிக்குது. பாட்டியோட பெரிய பையன் தகனம்தான் வேணும்னு சொல்லிட்டாராம், பாட்டிக்கு முதல்ல வருத்தம், அப்புறம் சாமியார்கிட்ட கேட்டதுல அஸ்திய காத்துல தூவக்கூடாது, வீட்லயும் வெக்கக்கூடாது, புனிதப்படுத்தின இடத்துல வெக்கணும்னு 2016ல வாத்திகன் சொன்னத எடுத்துச் சொல்லியிருக்காரு. அப்படின்னா நம்ம மண்டபத்துலயே வெச்சுடலாம்னு பாட்டி சொல்லிட்டாங்க, உள்ள இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு, பையனும் ஒத்துக்கிட்டாரு.