30 டன் ஜாக்கியில் சாக்கெட் ஏன் பிளந்தது?

கேள்வி: விருதுநகர் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கரிசல் மண்ணில் விரிசல் விட்ட ஒரு வீட்டின் அஸ்திவாரத்துக்குக் கீழே பைப்பை ஜாக்கியால் அழுத்தி இறக்கிப் பைலாக (சுமையை ஆழத்து மண்ணுக்கு இறக்கும் தூணாக) நிறுத்தும் வேலை வந்தது. அஸ்திவாரத்துக்கு அடியில் இடம் குறைவு என்பதால் 3 இஞ்ச் ஹெவி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப்பை ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டி, இரண்டு முனையிலும் மரை போட்டு, சாக்கெட்டால் இணைத்து இறக்கினோம். ஒரு பைல் 12 டன் தாங்க வேண்டும், 18 டன்னுக்குச் சோதித்துக் காட்ட வேண்டும் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். 16 டன் காட்டும்போதே ஒரு சாக்கெட் நெடுக்காகப் பிளந்து, பைப் அந்த இடத்தில் மடங்கிவிட்டது. சாக்கெட்டைத் தடிமனாகச் செய்தால் போதுமா, மரையின் நீளத்தைக் கூட்ட வேண்டுமா?

பதில்: இரண்டுமே போதாது. உங்கள் சாக்கெட் மோசமான சரக்காக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல சாக்கெட்டும் அந்த இடத்தில் ஏறக்குறைய அதே சுமையில்தான் தோற்றிருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

3 இஞ்ச் ஹெவி பைப்பின் வெளிவிட்டம் 88.9 மி.மீ., சுவர்த் தடிமன் 4.8 மி.மீ. வெட்டுப் பரப்பு 1268 சதுர மி.மீ. வரும். எஃகு நசுங்கத் தொடங்கும் அழுத்தம், அதாவது ஈல்டு, 240 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் முழு பைப் 31 டன் தாங்கும். பைப்பை வாங்கும்போது நீங்களும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பீர்கள்.

இப்போது மரைக்கு வருவோம். தண்ணீர் பைப்புக்குப் போடும் மரை ஒரு இஞ்சுக்கு 11, ஆழம் 1.48 மி.மீ. அதன் அடிவிட்டம் சுமார் 85 மி.மீ. உள்விட்டம் 79.3 மி.மீ. இடையில் மிஞ்சும் பரப்பு 725 சதுர மி.மீ. மட்டுமே. 100 ரூபாய் கொடுத்து வாங்கிய பைப்பில் 43 ரூபாயை மரை வெட்டும் டை தின்றுவிட்டது. மீதமுள்ள பரப்பு தாங்குவது சுமார் 17.7 டன். அதுவும் சுமை நேராக, நடுவில் விழுந்தால்தான். நீங்கள் 16 டன்னில் தோற்றதில் ஆச்சரியமே இல்லை.

சாக்கெட் ஏன் நெடுக்காகப் பிளந்தது என்பது தனிக் கதை. இந்த மரை டேப்பர் மரை, அதாவது முனை நோக்கி ஒடுங்குவது, 16-க்கு 1 என்ற சாய்வு. தண்ணீர் கசியாமல் இருக்க இறுக இறுக ஆப்பு மாதிரி உட்காரட்டும் என்று வைத்தது அது. அதே ஆப்பை ஜாக்கியால் அழுத்தினால் என்ன ஆகும்? விறகைப் பிளப்பது போல சாக்கெட்டைப் பிளக்கும். போதாததற்கு மரைப் பல்லின் பக்கங்களும் 27.5 டிகிரி சாய்ந்தவை. கீழ்நோக்கிய 16 டன்னில் ஒரு பங்கை அந்தச் சாய்வு வெளிப்பக்கமாகத் திருப்பிவிடும். உராய்வைக் கழித்தாலும் சுமார் 5 டன் சாக்கெட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அதே அளவு பைப்பின் மெலிந்த முனையை உள்ளே நசுக்கிக்கொண்டிருக்கும். சாக்கெட்டைத் தடிமனாக்கினால் பிளப்பது சாக்கெட் அல்ல, நசுங்குவது பைப் முனை என்று ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மரையை நீளமாக்குவதும் அப்படியே. சுமை எல்லா மரையிலும் சமமாகப் பிரிவதில்லை. முதல் சில மரைகள் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும், பின்னால் உள்ளவை சும்மா நிற்கும். எவ்வளவு நீளம் கூட்டினாலும் மரை அடியில் இருக்கும் அந்த 725 கூடப்போவதில்லை.

பெட்ரோல் கிணற்றுக்காரர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள். கிணற்றில் இறக்கும் கேசிங் பைப் தன் எடையிலேயே தொங்குவது. அதனால் பட்ரஸ் என்னும் மரையில் இழுவிசை தாங்கும் பக்கத்தை 3 டிகிரியாக, ஏறத்தாழ செங்குத்தாக வெட்டுகிறார்கள். எதிர்ப்பக்கம் 10 டிகிரி. ஆனால் நீராவி செலுத்தும் கிணறுகளில் நிலைமை தலைகீழ். சிமெண்டில் இறுகிய பைப் 200 டிகிரி சூடேறினால் நீள இடமில்லாமல் தன்னைத்தானே 480 மெகாபாஸ்கல் அளவுக்கு அழுத்திக்கொள்ளும். அங்கே மரையை மட்டும் நம்பினால் ஆகாது என்று, பைப் முனை எதிரில் உள்ள படிமேல் முட்டி நிற்கும்படி தோள் வைத்த இணைப்புகளைப் போடுகிறார்கள். அந்தத் தோள்தான் உங்களுக்கும் தேவை.

உங்கள் சாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு பைப் முனைகளுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். முகம் முகத்தைத் தொடவே இல்லை. மொத்தச் சுமையும் ஒரு பைப்பிலிருந்து மரை வழியே சாக்கெட்டுக்கு ஏறி, மறுபடி மரை வழியே அடுத்த பைப்புக்கு இறங்கியிருக்கிறது. முகமும் முகமும் முட்டி நின்றால் சுமை நேராகக் கீழே போகும். மரைக்கு அப்போது இரண்டு வேலைதான்: துண்டுகளை நேர்கோட்டில் பிடித்துக்கொள்வது, மழைக்காலத்தில் கரிசல் மண் உப்பி பைலை மேலே இழுக்கும்போது விட்டுவிடாமல் இருப்பது. இரண்டாவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அதனால்தான் வெறும் சொருகு இணைப்பு இங்கே உதவாது.

இனி நான் செய்யும் முறை. பைப்பில் மரையே போடாதீர்கள். 90 மி.மீ. எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) உருளைக் கம்பியில் முனைக்கட்டை கடைந்து, ஒவ்வொரு பைப் முனையிலும் வைத்து வெல்டு அடியுங்கள். கட்டையின் வெளிவிட்டம் பைப்போடு சமமாக 88.9. பின்பக்கம் 79 மி.மீ.க்கு ஒரு மூக்கு விட்டால் அது பைப்புக்குள் சொருகும், பைப் முனை கட்டையின் தோளில் உட்காரும். இங்கேயும் சுமையை வாங்குவது தோள்தான், வெல்டு பிடிமானத்துக்கு. பைப்பின் உள்ளே நீளவாக்கில் ஓடும் தையல் புடைப்பை முனையில் 40 மி.மீ. அளவுக்கு அரம் போட்டு எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூக்கு ஒருபக்கம் தூக்கிக்கொண்டு உட்காரும்.

கட்டையின் முன்முகத்தில் எம் 60 (60 மி.மீ. விட்டம்), பிட்ச் (மரைக்கு மரை தூரம்) 4 மி.மீ., நேர்மரை, 40 மி.மீ. ஆழம். டேப்பர் வேண்டவே வேண்டாம். வாயில் 62 வரை சாம்ஃபர் (விளிம்புச் சரிவு) கொடுத்தால், 62-க்கும் 88.9-க்கும் நடுவே முட்டும் வளையம் 3188 சதுர மி.மீ. ஜாக்கி ஆள் தவறி 30 டன் வரை அடித்துவிட்டாலும் முகத்தில் 92 மெகாபாஸ்கல்தான் வரும். எம்.எஸ்.ஸுக்கு அது தூசு.

இரண்டு கட்டைகளையும் இணைப்பது 72 மி.மீ. நீளமுள்ள ஒரு ஸ்டட், அதாவது நெடுக வெளிமரை போட்ட உருளை. இரு பக்க ஆழமும் சேர்த்து 80, ஸ்டட் 72. அந்த 8 மி.மீ. இடைவெளி முக்கியம். ஸ்டட்டின் முனை குழியின் அடியில் முதலில் முட்டிவிட்டால் முகங்கள் சேராது, எல்லாச் சுமையும் பழையபடி மரையில்தான் ஏறும். இதை நான் ஒருமுறை வரைபடத்தில் கோட்டைவிட்டு, கடைந்து முடித்த ஸ்டட் அத்தனையையும் திரும்ப லேத்தில் ஏற்றிக் குறைக்க வேண்டியிருந்தது. ஸ்டட்டை ஒரு பக்கம் 36 மி.மீ. ஏற்றி ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) போட்டுப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் இறுக்கும்போது அது முழுக்க ஒரே பக்கம் நழுவி, மறுபக்கம் பிடிக்கும் மரை குறைந்துவிடும். பைப்புக்குள் சிமெண்ட் பால் விடப் போகிறீர்கள் என்றால் ஸ்டட்டின் நடுவிலும் கட்டையிலும் 30 மி.மீ. துளை போடலாம், வலிமை போதும்.

முகத்தை வெல்டு அடித்த பிறகே கடைசியாகக் கடைய வேண்டும். வெல்டு ஆறும்போது கட்டையை ஒருபக்கம் இழுத்துவிடும். பட்டறைகளில் இந்த ஒரு இடத்தில்தான் சோம்பல் படுவார்கள், ஏனென்றால் ஒரு மீட்டர் பைப்பை ஸ்டெடி (நீளமான பொருளைத் தாங்கும் பிடி) போட்டு லேத்தில் பிடிப்பது தொல்லை. ஆனால் முகம் அரை மி.மீ. சாய்ந்தால் என்ன ஆகும் பாருங்கள். 88.9 மி.மீ. அகலத்தில் அரை மி.மீ. என்றால் ஒரு மீட்டருக்கு 5.6 மி.மீ. கோணல். அதைவிடக் கெடுதல், சுமை நடுவை விட்டு ஒரு விளிம்பில், நடுவிலிருந்து 40 மி.மீ. தள்ளி விழும். 16 டன்னுக்கு அதனால் வரும் வளைவு அழுத்தம் மட்டுமே 248 மெகாபாஸ்கல். நேர் அழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன்பே பைப் ஈல்டைத் தாண்டிவிட்டது. விளிம்பு நசுங்கிச் சுமை கொஞ்சம் உள்ளே நகரும் என்றாலும், அந்த நசுங்கலே அடுத்த துண்டைக் கோணலாக்கும். முகத்தில் மார்க்கிங் புளூ தடவி இரண்டையும் இறுக்கிப் பிரித்துப் பாருங்கள். வளையம் முழுக்க நீலம் ஒட்டியிருக்க வேண்டும், பிறை மாதிரி ஒருபக்கம் மட்டும் இருந்தால் திரும்ப லேத்துக்கு. இறுக்கிய பின் 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) எங்கேயும் நுழையக் கூடாது.

மரையில் கிரீஸ் போடலாம். முகத்தில் ஒன்றும் கூடாது. பிளம்பர் பழக்கத்தில் சணலும் பெயிண்டும் சுற்றினால் அது முகத்துக்குள் பிதுங்கி வந்து மேற்படி கோணலை உண்டாக்கும்.

பைப்பையும் மாற்றச் சொல்வேன். ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 1239 தண்ணீர் பைப்புக்கான தரம், அதில் ஈல்டு இவ்வளவு என்று உறுதி கிடையாது. ஐ.எஸ். 1161 கட்டுமான பைப்பில் 310 தரம் (ஈல்டு 310 மெகாபாஸ்கல்) கேட்டு வாங்குங்கள், அளவு அதேதான். முழுப் பரப்பும் வேலை செய்வதால் 40 டன்னுக்கு மேல் கையிருப்பு வரும். 12 டன் நிரந்தரச் சுமையில் 93 மெகாபாஸ்கல்தான், துரு ஒரு மி.மீ. தின்றாலும் 120-ஐத் தாண்டாது. இன்னொன்று: ஜி.ஐ. பைப்பில் வெல்டு அடித்தால் துத்தநாகப் புகை வரும், ராத்திரி குளிர்காய்ச்சல் கண்டு படுத்த வெல்டர்களைப் பார்த்திருக்கிறேன். துத்தநாகம் பூசாத கறுப்பு பைப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

வளைந்து மடங்கும் பயம் பற்றி: மண்ணுக்குள் போன பைப்பை மண்ணே பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். வெளியே நிற்கும் நீளம்தான் கவலை. ஒரு மீட்டர் நின்றால் இந்த பைப் மடங்குவதற்கு 220 டன்னுக்கு மேல் வேண்டும். 3 மீட்டர் நின்றால் 25 டன்னே போதும். அதுவும் முழு பைப்புக்கு. நடுவில் ஆட்டமுள்ள ஒரு இணைப்பு இருந்தால் அங்கே கீல் வைத்த மாதிரி. துண்டை ஒரு மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். கரிசலில் சுமார் 3.5 மீட்டருக்குக் கீழேதான் ஈரம் ஏறி இறங்குவது அடங்கும் என்பதால், பைல் அதைத் தாண்டிக் கெட்டி மண்ணில் உட்கார வேண்டும். எத்தனை துண்டு என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

வேலைக்குப் போகுமுன் இரண்டு மாதிரி செய்யுங்கள். இணைப்பு நடுவில் வரும்படி 300 மி.மீ. நீளத்தில் ஒன்று, இரண்டு முழுத் துண்டுகளைச் சேர்த்து ஒன்று. பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் சிவில் லேபில் 100 டன் சோதனை இயந்திரம் இருந்தால் குட்டையானதை அதில் 30 டன் வரை அழுத்தச் சொல்லுங்கள். அதற்கு முன் இணைப்பின் குறுக்கே சென்டர் பஞ்சால் நாலு பக்கமும் இரண்டிரண்டு புள்ளி குத்தி, இடைவெளியை வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இறக்கிய பின் திரும்ப அளந்து, நாலு பக்கமும் பழைய அளவே வந்தால் சரி. ஒருபக்கம் மட்டும் குறைந்திருந்தால் முகம் சாய்வு. நாலிலும் குறைந்திருந்தால் ஸ்டட் எங்கோ முட்டியிருக்கிறது, பிரித்துப் பாருங்கள். நீளமானதை உங்கள் ஜாக்கி சட்டத்திலேயே போட்டு 18 டன் அழுத்தி அரை மணி நேரம் விடலாம். அந்த நேரத்தில் பையன்கள் யாரும் அதன் பக்கத்தில் நிற்க வேண்டாம். துண்டு துண்டாகச் சேர்த்த கம்பம் நழுவினால் பக்கவாட்டில்தான் பாயும்.