பாரன் தீவு புகைகிறது: அந்தமான் பயணத்தை ரத்து செய்ய வேண்டுமா?

கேள்வி: குடும்பத்துடன் அந்தமான் போக டிக்கெட் எடுத்துவிட்டோம். பாரன் தீவு எரிமலை புகைவதாகச் செய்தி பார்த்ததிலிருந்து வீட்டுப் பெரியவர்கள் "மறுபடி சுனாமி வருமோ" என்று பயப்படுகிறார்கள். போகலாமா? அருகில் சென்று பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். பாரன் தீவு போர்ட் பிளேரிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர் வடகிழக்கே, மனிதர் குடியிருக்காத தீவு. 2004 சுனாமியை எழுப்பியது எரிமலை அல்ல, கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம். இதைப் பெரியவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.

ஆனால் நிலநடுக்கம், எரிமலை இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதும் உண்மை. பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான இந்தியத் தட்டு வடகிழக்கு நோக்கி நகர்ந்து, பக்கத்துத் துண்டான பர்மா தட்டின் கீழ் புதைகிறது. அந்த உரசலில் நிலநடுக்கம் வருகிறது. புதையும் பாறையிலிருந்து கசியும் நீர், மேலே உள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. வெப்பம் கூடாமலேயே பாறை உருகிக் குழம்பாகி மேலேறுகிறது. தீவாக நாம் பார்ப்பது சுமார் 350 மீட்டர் உயரம்தான்; மலையின் பெரும்பகுதி கடலுக்குள் 2,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. பழைய மலை இடிந்து உண்டான, சுமார் 2 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தின் நடுவே இன்றைய கூம்பு நிற்கிறது. பள்ளத்தின் சுவர் மேற்கே உடைந்திருப்பதால் எரிமலைக் குழம்பு அவ்வழியே கடலில் இறங்கும். ஆறிய குழம்பு கன்னங்கரேலென்று, கால் வைத்தால் செருப்பைக் கிழிக்கும் கூர்முனைகளாகக் கிடக்கிறது.

பதிவான முதல் சீற்றம் 1787-இல். 1789-இல் அங்கு சென்ற ஆங்கிலேயக் கடல் அளவையாளர் ஆர்ச்சிபால்ட் பிளேர், செக்கச்சிவந்த பாறைகள் சரிவில் உருண்டதை எழுதி வைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் அடங்கிய மலை 1991-இல் விழித்தது. பின்னர் 1994, 2005, இன்றுவரை விட்டுவிட்டு. பெரும்பாலும் பசால்ட் என்னும் நீர்த்த குழம்பு என்பதால் வாயு எளிதில் பிரிகிறது. வழக்கமாகச் சாம்பலும் தணல் கற்களும் சிதறுவதோடு நின்றுவிடுகிறது. தீவின் ஒரு பக்கம் சரிந்தால் அலை எழலாம்; 2018-இல் இந்தோனேசியாவின் அனக் கிரகத்தோவா எரிமலைத் தீவில் அப்படித்தான் ஆனது. அதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை.

தீவில் இறங்க அனுமதி இல்லை; படகில் இருந்தபடியே பார்க்க வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை. புகை வீசும் திசையில் படகை நிறுத்த விடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களைக் கரையிலேயே இருக்கச் சொல்லுங்கள். சாம்பல் உயரே எழுந்தால் விமான நேரம் மாறக்கூடும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.