மாமியாரை முதலில் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. ஏற்காடு பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் முகாமில் நர்ஸம்மா கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி ஒரு மருந்து தடவிப் பார்த்து, வெள்ளைத் திட்டு இருக்கிறது, சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு கொடுத்தார். யூடியூபில் பார்த்தால் புற்றுநோய் என்கிறார்கள். பயத்தில் போகவில்லை. கணவர் தப்பாக நினைப்பாரோ என்று அவரிடமும் சொல்லவில்லை. வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, அரிப்பு உண்டு. மெடிக்கலில் மாத்திரை வாங்கி உள்ளே வைத்தேன். வினிகரால் கழுவினால் திட்டு போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள், செய்யலாமா? தெரிந்தவர் ஒருவர் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்கிறார். என் மாமியாருக்கும் (61) அதே முகாமில் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். அவருக்குத் தூரம் நின்று பத்து வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டு முறை லேசாகப் பட்டதாம், உடம்புச் சூடு என்று வெந்தயம் சாப்பிடுகிறார். எனக்குத்தான் ஒரே பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: முதலில் உங்கள் மாமியார். இந்த வாரமே அவரைச் சேலத்துக்குக் கூட்டிப் போங்கள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, லேசாகப் பட்டதாம் என்று, எனக்குக் கவலை தருவது அதுதான். மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிய பெண்ணுக்கு அதன்பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் காரணம் என்ன என்று பார்த்தே ஆக வேண்டும். உடம்புச் சூட்டால் அப்படிப் படாது. நின்ற தூரம் பத்து வருடம் கழித்துத் திரும்பி வருவதும் இல்லை. பலருக்கு உள்தோல் மெலிந்து வறண்டதால் கசிந்திருக்கும், சிலருக்குச் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கும். இவையெல்லாம் எளிதாகச் சரியாகிவிடும். ஆனால் கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயும், கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயும் இதே போல வலியே இல்லாமல், லேசாகப் பட்டுத்தான் ஆரம்பிக்கும். எது என்பதை வீட்டில் இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

முகாமில்தான் ஒன்றுமில்லை என்றார்களே என்று கேட்பீர்கள். அந்தச் சோதனை, தொந்தரவு எதுவும் இல்லாத பெண்களிடம் வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கு. அன்றைக்கு அவருக்கு இரத்தம் பட்டிருக்கவில்லை, இப்போது பட்டிருக்கிறது, ஆகவே அந்த முடிவை இனி கணக்கில் எடுக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. கர்ப்பப்பை வாயில் இரண்டு வகைத் தோல் சந்திக்கும் ஒரு வளையம் இருக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் வயதில் அந்த வளையம் பெரும்பாலும் வெளியே தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு அது பெரும்பாலும் சுருங்கி உள்ளே போய்விடும். எவ்வளவு கைதேர்ந்த நர்ஸாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மருந்தைத் தடவிப் பயனில்லை. அதோடு, கர்ப்பப்பையின் உட்சுவரில் என்ன இருக்கிறது என்பதை இந்தச் சோதனை காட்டவே காட்டாது. அதனால் அவருக்கு வேண்டியது நேரடிப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும். உட்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோ, இரத்தம் மறுபடி பட்டாலோ, அங்கிருந்து துளி திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

சரி, இப்போது உங்களுக்கு வருகிறேன். வெள்ளைத் திட்டு என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். உட்கரு பெருத்து நெருக்கமாக வளர்ந்த செல்கள் இருக்கும் இடத்தில் புரதம் தற்காலிகமாக உறைந்து வெள்ளையாகத் தெரியும். மாறிய செல்கள் மட்டும்தான் வெளுக்கும் என்றில்லை, கிருமித் தொற்றால் புண்ணான இடமும் வெளுக்கும், புண் ஆறிப் புதுத்தோல் வளரும் இடமும் வெளுக்கும். இதைச் சரிபார்க்கத்தான் பல இடங்களில் அயோடினையும் தடவுவார்கள். மரவள்ளி மாவில் அயோடின் விட்டால் கருநீலம் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல தோல்செல்லில் அந்த மாவுச்சத்து போலவே கிளைக்கோஜன் என்ற சத்து இருப்பதால் அது கரும்பழுப்பாக மாறும். மாறிய செல்லில் அந்தச் சத்து தீர்ந்திருக்கும், நிறம் ஏறாமல் மஞ்சளாகவே நிற்கும். சுமார் நூறு வருடத்துக்கு முன்பே வியன்னாவில் வால்டர் ஷில்லர் என்ற மருத்துவர் கண்டுபிடித்த முறை இது.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை 31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் இதே அமிலச் சோதனையைச் செய்தார்கள். அவர்களில் 3,088 பேருக்கு, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, திட்டு தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமோ சாதாரணத் தொற்றோதான் இருந்தது. மாற்றம் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் இறப்பது, நடக்காத ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது. ஒருவருக்கு ஒரே ஒரு முறை செய்த சோதனைக்கு இந்தப் பலன். அந்த நர்ஸம்மா உங்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததும் இதற்காகத்தான்.

சேலத்தில் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் அந்த இடத்தை நன்றாகப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் துளி திசு எடுப்பார்கள், சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்று தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் சூட்டால் பொசுக்குவார்கள் அல்லது மின்கம்பியால் மெல்லிசாகச் சீவி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம். சில வாரங்களுக்குத் தண்ணீர் போல வெளியேறும், அது வரை தாம்பத்தியம் வேண்டாம். ஒரு வருடம் கழித்து மறுபடி காட்ட வேண்டும்.

கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னவர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். திசுப் பரிசோதனை முடிவு கையில் வராமல் கர்ப்பப்பையைத் தொடவே கூடாது. மாற்றம் மட்டும் இருந்தால் அந்த அறுவை தேவையில்லை. ஒருவேளை புற்றுநோய் இருந்துவிட்டால், சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்தது அதன்பின் செய்யவேண்டிய சரியான சிகிச்சையைக் கெடுத்துவிடும். இரண்டு வழியிலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வினிகரால் கழுவுவது வேண்டவே வேண்டாம். திட்டைப் பார்ப்பதற்குத்தான் அந்த அமிலம், அது எதையும் குணப்படுத்தாது. வீட்டில் கழுவினால் அங்கே நம்மைக் காக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, தோலும் எரிந்து, அரிப்பு இன்னும் கூடும். மெடிக்கல் ஷாப் மாத்திரையையும் நிறுத்துங்கள். என்ன கிருமி என்று தெரியாமல் வைத்த மாத்திரையால் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளைப்படுதலும் அரிப்பும் பெரும்பாலும் சாதாரணத் தொற்றாகவே இருக்கும், சேலத்தில் பார்க்கும்போதே அதற்கும் மருந்து எழுதுவார்கள். இடுப்பு வலிக்குத் திட்டு காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. மலைச்சரிவில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறீர்கள், அந்த வலியாக இருக்கலாம். ஆனாலும் உள்ளே தொற்று இருந்தாலும் வலிக்கும், அதனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் கணவர். இந்த மாற்றத்துக்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். தாம்பத்திய உறவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றும். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, பொதுவாக 15, 20 வருடம் கழித்துத்தான் புற்றுநோயாக மாறக்கூடும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. அதனால் இதை வைத்து அவர் உங்களையோ நீங்கள் அவரையோ சந்தேகப்பட இடமே இல்லை. அவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள்.

இரண்டு மாதம் போனதால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆனால் காபிப் பழம் பறித்து முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளினால் அது வருடக்கணக்காகிவிடும். மாமியாருக்கு அந்த அவகாசமும் கிடையாது. இருவரும் ஒரே பஸ்ஸில் இறங்கி, காலையிலேயே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மகப்பேறு மகளிர் பிரிவுக்குப் போங்கள். முகாமில் கொடுத்த சீட்டையும் ஆதார், காப்பீட்டு அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முந்தைய இரண்டு நாள் உள்ளே எதுவும் வைக்காதீர்கள், தாம்பத்தியமும் வேண்டாம். உங்களுக்கு மாதவிடாய் நாளாக இருந்தால் உங்கள் பரிசோதனையை மட்டும் அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மாமியார் விஷயம் வேறு. பட்டது நிற்கட்டும், அப்புறம் போகலாம் என்று அவர் சொல்வார். பட்டுக்கொண்டிருந்தாலும் கூட்டிப் போங்கள், அப்போதும் பரிசோதிக்கலாம்.