அந்த நூறு பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மரண தண்டனை வேண்டாம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். தெருவில் இறங்கி நூறு பேரைக் கேட்டுப் பாருங்கள். குற்றவாளிகளை இன்னும் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்றுதான் தொண்ணூறு பேராவது சொல்வார்கள். ஜனநாயகத்தில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு கிடையாதா? இல்லை, மக்களுக்கு விவரம் போதாது என்கிறீர்களா?

க.

அன்புள்ள க.,

விவரம் போதாது என்று சொல்ல மாட்டேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒருவன் என் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு ஓடினான். அன்றிரவு நான் மனதுக்குள் அவனுக்குக் கொடுத்த தண்டனைகளை இங்கே எழுத முடியாது. இரண்டு நாள் கழித்து அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு. விட்டுவிடச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. வீட்டுக்கு வந்து புதுக் கைப்பேசியின் தவணையைக் கணக்குப் போட்டதும் பழைய கோபம் அப்படியே திரும்பிவிட்டது. இதில் எந்த என்னை உங்கள் நூறு பேரில் சேர்ப்பீர்கள்?

அந்தோனி டூப், ஜூலியன் ராபர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களில் கனடாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரே வழக்கு, ஒரே தண்டனை. சிலரிடம் செய்தித்தாளில் வந்ததைக் கொடுத்தார்கள், சிலரிடம் நீதிமன்ற ஆவணங்களின் சுருக்கத்தை. செய்தியைப் படித்தவர்களில் பெரும்பாலோர் தண்டனை போதாது என்றார்கள். ஆவணத்தைப் படித்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

சரி, அது ஆய்வு. நிஜமாகவே மக்களிடம் கேட்டுச் சட்டம் போட்ட இடம் ஒன்று உண்டு, கலிஃபோர்னியா. 1993இல் பாலி கிளாஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியை வீடு புகுந்து கடத்திக் கொன்றான் ஒருவன். ஏற்கெனவே ஆள்கடத்தலுக்காகச் சிறை போய், பரோலில் வெளியே வந்திருந்தவன். மறு வருடமே சுமார் 72 சதவீதம் பேர் வாக்களித்து ஒரு சட்டத்தை உறுதி செய்தார்கள். முன்பு இரண்டு கடுமையான குற்றங்களில் தண்டனை பெற்றவர் மூன்றாவதாகப் பெருங்குற்ற வகையில் எதைச் செய்தாலும், குறைந்தது 25 வருடம் முதல் ஆயுள் வரை சிறை. வாக்களித்தவர்களின் கண் முன்னால் இருந்தவன் பாலியைக் கொன்றவன். வலையில் விழுந்தவர்களில் ஒருவரோ, இரண்டு தடவையாகச் சுமார் 150 டாலர் மதிப்புள்ள வீடியோ கேசட்டுகளைத் திருடியவர். அவருக்குக் கிடைத்தது 50 வருடம் முதல் ஆயுள் வரை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அது செல்லும் என்றது. பாலியின் தாத்தாவே இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்.

2012இல் மறுபடியும் வாக்கெடுப்பு. மூன்றாவது குற்றம் வன்முறையோ கடுமையானதோ இல்லையென்றால், சில விதிவிலக்குகள் தவிர, ஆயுள் கிடையாது என்று திருத்தினார்கள். ஆதரவு ஏறக்குறைய 69 சதவீதம். அப்படி உள்ளே இருந்த பலர் திரும்ப நீதிமன்றம் போய் வெளியே வந்தார்கள். அப்புறம் 2024இல், திருட்டுக்கும் போதைப்பொருளுக்கும் தண்டனையைக் கூட்டச் சொல்லி சுமார் 68 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு வாக்கெடுப்புகளிலும் முன்மொழிவின் எண் 36.

இதை வைத்து மக்களைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அது பிடிக்காது. பெஞ்சில் இருந்த பையனைப் பார்த்தபோதும் தவணையைப் பார்த்தபோதும் நான் பொய் சொல்லவில்லை, அவர்களும் அப்படித்தான். கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள், திரும்பக் கூட்டுகிறார்கள். கூட்டட்டும், அது அவர்கள் உரிமை.

மரண தண்டனையில் மட்டும் நான் உங்கள் தொண்ணூறு பேர் பக்கம் இல்லை. பிரிட்டன் நாடாளுமன்றம் 1965இல் கொலைக்குத் தூக்கை நிறுத்தியபோது அங்கே பெரும்பான்மை மக்கள் தூக்கு வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மக்களிடம் கேட்டிருந்தால் அது நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேசட் திருடியவரைப் போன்றவர்களுக்கு 2012 என்று ஒரு வருடம் வர வாய்ப்பு இருந்தது. தன் குழந்தையைக் கொன்றதாக டிமோத்தி எவன்ஸை லண்டனில் 1950இல் தூக்கிலிட்டார்கள். அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர் பல பெண்களைக் கொன்றவர் என்பது மூன்று வருடம் கழித்துத் தெரியவந்தது. எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 1966இல்.