வாசகர் கேள்வி–பதில்: பாம்பு எப்படி அறிகிறது?

கேள்வி: விடியும் முன் ரப்பர் பால் வெட்டப் போகும் என் கணவர், சருகு மூடிய பாதையில் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நடப்பார். பாம்புக்குத்தான் காதே கிடையாதே, தட்டி என்ன பயன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எது சரி?
— ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: தட்டுவது வீணன்று, ஆனால் அதை மட்டும் நம்பி நடக்கலாகாது. பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும் இல்லை என்று பிள்ளைகள் படித்தது உண்மையே. ஆனால் தலைக்குள் உட்காது இருக்கிறது. அதனோடு தொடர்புடைய மெல்லிய எலும்பொன்று தாடைப் பகுதியோடு இணைந்திருப்பதால், தரையில் தலை வைத்துக் கிடக்கும் பாம்புக்கு மண் வழியே வரும் அதிர்வு தாடை வழியாக உட்காதைச் சென்றடைகிறது. காற்றில் வரும் ஒலியும் அறவே எட்டாமல் போவதில்லை. ராயல் பைத்தான் என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பை வைத்துச் செய்யப்பட்டு 2012-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஒலி அதன் மண்டையோட்டை அதிரச் செய்வதையும், 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ்ந்த ஒலிகளே அதற்கு நன்கு எட்டுவதையும் காட்டியது. (மகுடிக்கு நாகம் ஆடுவதாக நாம் காண்பது, ஊதுபவரின் கையசைவையும் குழலசைவையும் அது கண்ணால் பின்தொடர்வதே.)

இனி உங்கள் கணவருக்கு வேண்டிய செய்தி. அதிர்வை உணர்ந்ததும் சாரையும் நல்லபாம்பும் பெரும்பாலும் விலகிவிடும். கண்ணாடி விரியன் அப்படியன்று. ஆள் வருவதை உணர்ந்தாலும், சருகோடு கலந்துவிடும் தன் நிறத்தை நம்பி, அசையாமல் கிடந்துவிடுவது அதன் இயல்பு. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய தோட்டங்களில் காணப்படும், மூக்கு நுனி சற்றே மேலெழுந்த சிறிய குழிவிரியனும் அவ்வாறே. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே இதற்கு இருபுறமும் ஒவ்வொரு குழி உண்டு. குழிக்குள் விரிந்திருக்கும் மெல்லிய சவ்வில் நரம்பு முனைகள் செறிந்திருக்கின்றன. எலி, தவளை, மனிதக் கால் என எதுவாயினும், சுற்றுப்புறத்தினின்று அதன் வெப்பம் சிறிதளவே வேறுபட்டாலும் அவை உணர்ந்துவிடும். இந்த வெப்பச் செய்தி மூளையில் கண் தரும் செய்தியோடு சேர்ந்தே ஆளப்படுவதால், கும்மிருட்டிலும் இரையின் திசை அதற்குத் தப்புவதில்லை. நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் கண்ணாடி விரியனுக்கும் இக்குழி கிடையாது. மலைப்பாம்புக்கு உதட்டோரங்களில் உண்டு.

ஆகவே கம்போடு, கால்வைக்கும் இடத்தைக் காட்டும் நெற்றி விளக்கும் முழங்கால் வரை மூடும் ரப்பர் காலணியும் கட்டாயம் வேண்டும். சிரட்டையில் பால் பார்க்கக் குனியும்போது, மரத்தடியில் விளக்கு படாமல் கைவைக்க வேண்டாம்.

கேள்வி: பாம்பு ஓயாமல் நாக்கை நீட்டுவது ஏன்? வெள்ளைப்பூண்டு நசுக்கிப் போட்டால் வீட்டை அண்டாது என்பது மெய்யா?
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: பாம்பு மூக்காலும் முகரும், ஆயினும் அதன் மோப்பத்தின் பெரும்பகுதி நாக்கையே நம்பியிருக்கிறது. காற்றிலும் தரையிலும் உள்ள வாசனைத் துகள்களை ஏந்தி நாக்கு உள்ளே செல்ல, மேலண்ணத்தில் திறக்கும் ஜேக்கப்சன் உறுப்பு அவற்றை அறிகிறது. பிளவுண்ட இரு முனைகளும் இருவேறு இடங்களிலிருந்து துகள்களை எடுப்பதால், எந்தப் பக்கம் வாசனை மிகுதி என்பது தெரிந்து, எலி சென்ற தடத்தைப் பிடித்துக்கொண்டே போக முடிகிறது. நாக்கால் அது கொட்டுவதில்லை.

பூண்டு பாம்பை விரட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அந்தக் காசை வீணாக்க வேண்டியதில்லை. வீட்டைச் சுற்றி எலி மணம் இருக்கும் வரை பாம்புக்கு வரக் காரணம் இருக்கிறது. விறகுக் குவியலையும் தேங்காய் மட்டைக் குவியலையும் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, எலி வளைகளை அடைத்து விடுங்கள்.

கேள்வி: கண்கொத்திப் பாம்பு கண்ணைத்தான் கொத்துமா?
— ஒரு மாணவி, கொட்டாரம்

பதில்: இல்லை. பச்சைப்பாம்பு என்றும் சொல்லப்படும் கண்கொத்திப் பாம்பின் உணவு பல்லி, ஓணான், தவளை போன்றவை. கிடைக்கோடாக நீண்ட அதன் கண்மணியும் கூர்மூக்கின் இருபுறப் பள்ளங்களும் முன்னோக்கிப் பார்க்க உதவுவதால், எதிரில் உள்ள இரையின் தொலைவை அது நன்கு கணிக்கிறது. நம் முக உயரத்துக் கிளைகளில் இலையோடு இலையாக இருக்கும் பாம்பை இடித்துவிட்டால், அது முகத்தை நோக்கிச் சீறும். பெயர் அதனால் வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.