மணி வாக்கிலா, மணி நேரம் போலவா? – ஜப்பானியக் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'சுமார்' பற்றியவை. நேராகப் பதிலுக்கு வருகிறேன்.

கே: மூன்று மணிக்கு 'கொரோ' போடுவதா, 'குராய்' போடுவதா?

ப: எந்த மூன்று மணி? கடிகாரம் காட்டுவதா, கழிந்த நேரமா? அதை எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? 'மூணு மணி வாக்கில்' என்றால் ஸன்-ஜி கொரோ. 'மூணு மணி நேரம் போல' என்றால் ஸன்-ஜிக்கன் குராய். கால அளவோடு கொரோ ஒட்டவே ஒட்டாது. பேச்சில் ஸன்-ஜி குராய் என்பதும் காதில் விழும், தேர்வில் வேண்டாம். எண்ணைப் பார்க்குமுன் அலகைப் பாருங்கள்.

கே: குராயின் முதலெழுத்து 'கல்' ககரமா, 'கணேசன்' ககரமா?

ப: இரண்டும் சரி. எண்ணுக்குப் பின்னால் கணேசன் ககரமே அதிகம்.

கே: 'சுமார் நூறு பேர்' என்பதற்கு 'யக்கு ஹியக்கு-நின் குராய்' என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார்.

ப: அடித்தது சரிதான். யக்குவும் 'சுமார்'தான்; அது முன்னால் வந்தபின் குராய் எதற்கு? யக்கு செய்தி நடை. பேச்சுக்குக் குராய் போதும்; பணிவாகச் சொல்ல ஹொதோ.

கே: 'தொக்கிதொக்கி' (சில சமயம்) எத்தனை சதவீதம்?

ப: சதவீதம் கிடையாது. யொக்கு (அடிக்கடி), அதற்குக் கீழே தொக்கிதொக்கி என்று வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள். கேட்க மறந்ததையும் சொல்கிறேன்: 'அமரி' நம் 'அவ்வளவாக' போல. வினை எதிர்மறையில் முடிய வேண்டும். 'அவ்வளவாகப் போவேன்' என்று தமிழில் சொல்வீர்களா?

கே: 'ஒக்கி' என்றால் 'ஒவ்வொரு' என்று மனப்பாடம் செய்தேன். இச்சிநிச்சி ஒக்கி, தினமும்தானே?

ப: இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று அச்சடித்த பட்டியல்கள் செய்யும் கெடுதல் இது. எத்தனை முறை சொன்னாலும் அவற்றையே மனப்பாடம் செய்துவிட்டு வருகிறீர்கள், வருத்தமாக இருக்கிறது. ஒக்கி என்பது நடுவே விடும் இடைவெளி. இச்சிநிச்சி ஒக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள்: திங்கள், புதன், வெள்ளி. தினமும் என்பதற்கு மைனிச்சி இருக்கிறது.

ஆனால் இச்சி-ஜிக்கன் ஒக்கி என்றால் மணிக்கொரு முறை. முரண்பாடு இல்லை. நாள் என்பதை நாம் முழு உருப்படியாக எண்ணுகிறோம். திங்களுக்கும் புதனுக்கும் நடுவே ஒரு நாள் விடுபடுகிறது. பேருந்து வருவது ஒரு கணத்தில். இரண்டு பேருந்துக்கு நடுவே விடுபடுவது ஒரு மணி நேரம். இரண்டிலும் விடும் அளவு ஒன்றுதான். மறுபடியும், அலகைப் பாருங்கள்!

'கொதோ' வேறு. அது சுற்றை எண்ணுகிறது. ஃபுத்ஸுக்கா கொதோ என்றால் இரண்டு நாளுக்கொரு முறை, அதாவது இச்சிநிச்சி ஒக்கியேதான். ஆண்டுக் கணக்கில் வரும் ஒக்கியை ஜப்பானியரே இரு விதமாகக் கொள்கிறார்கள். அங்கே 'கொ-நென் நி இக்-காய்', ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று சொல்லிவிடுங்கள். மருந்து விஷயத்தில் ஒக்கி காதில் விழுந்தால், எந்தெந்தக் கிழமை என்று திரும்பக் கேளுங்கள்.

கே: 'ரெண்டு மூணு நாள்' என்பதற்கு நி-ஸன்-நிச்சி. 'ஒன்பது பத்து' என்றும் அடுக்கலாமா?

ப: கூடாது. க்யூ-ஜூ என்றால் 90.

கே: 'இச்சி-ஜிக்கன் ஜக்கு' ஒரு மணிக்குக் கூடவா, குறைவா?

ப: குறைவு, 55 நிமிடம் போல. சற்றுக் கூட என்றால் 'கியோ'.